டென்சிலுக்கு ஸ்கோர் தெரிந்த நாள்

என் தம்பி டென்சில் இருபது வருடத்துக்கு மேலாக போர்த்மெல்லிஸ் ரக்பி கிளப்பில் ஆடுகிறான். இத்தனை வருடத்தில் ஒரு ஆட்டத்திலாவது ஸ்கோர் என்ன என்று அவனுக்குத் தெரிந்ததில்லை. இதைக் குறையாகச் சொல்லவில்லை, அவன் வேலை அப்படி. இந்தப் பக்கம் எட்டுப் பேர், அந்தப் பக்கம் எட்டுப் பேர் தலையைக் கோர்த்துக்கொண்டு முட்டித் தள்ளுவார்களே, ஸ்க்ரம், அதில் அவன் முன்வரிசை. ஆட்டத்தில் பாதி நேரம் எவனுடைய அக்குளிலாவது முகத்தைப் புதைத்திருப்பான். மீதி நேரம் அடுத்த ஸ்க்ரம் எங்கே என்று மூச்சிரைக்கத் தேடிக்கொண்டிருப்பான். கடைசி விசில் ஊதியதும் எல்லோருக்கும் கைகொடுத்துவிட்டு நேரே என்னிடம் வருவான்.

"அக்கா, ஜெயிச்சோமா?"

ஒருமுறை ஐம்பது புள்ளி வித்தியாசத்தில் தோற்றுவிட்டு, "கொஞ்சத்துல போச்சோ?" என்று கேட்டான்.

கோட்டோரத்தில் முதலுதவிப் பையோடு நிற்பவள் நான்தான், பெயர் வென்னா. பயிற்சி பெற்ற ஆள் ஒருவர் இல்லாமல் ஆட்டம் நடத்தக்கூடாது என்று கவுண்டி ரக்பி சங்கம், அதாவது மாவட்டச் சங்கம், கண்டிப்பாகச் சொன்னபோது, பயிற்சிக்குப் போகவேண்டிய நாளில் எங்கள் கிளப் ஆண்கள் அத்தனை பேருக்கும் தலைபோகிற வேலை வந்துவிட்டது. நான் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள். ஒரு பஸ் நிறையப் பிள்ளைகளை அதட்டி உட்கார வைக்கிறவளுக்கு இந்தத் தடியன்கள் எம்மாத்திரம் என்று நானே போய்விட்டு வந்தேன். அன்றிலிருந்து என்னைக் கண்டால் அவர்களுக்கு ஆகாது.

காரணம் இதுதான். ஒருவனுக்குத் தலையில் அடிபட்டிருக்குமோ என்று எனக்குச் சந்தேகம் வந்தால் போதும், அவன் வெளியே. அன்றைக்குத் திரும்ப உள்ளே வரமுடியாது, மூன்று வாரத்துக்குக் குறையாமல் ஆடவும் முடியாது. என் சொல்லை நடுவர்கூட மாற்றமாட்டார். சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ள சில கேள்விகள் உண்டு. இது எந்த மைதானம், எந்தப் பாதி ஆட்டம், கடைசியாகப் புள்ளி எடுத்தது யார், போன வாரம் யாரோடு ஆடினோம், ஜெயித்தோமா. எல்லோரையும் ஒரே மாதிரி கேட்கவேண்டும். டென்சிலோ நல்ல புத்தியோடு இருக்கும்போதே இவற்றில் பாதிக்குத்தான் விடை சொல்லுவான். அதனால் அவன் விஷயத்தில் கேள்வியோடு நிறுத்தமாட்டேன். அவன் கண்ணைப் பார்ப்பேன், நடையைப் பார்ப்பேன், என்னைத் திட்டுகிறானா என்றும் பார்ப்பேன்.

அவன் விஷயத்தில் எனக்குப் பயம் கொஞ்சம் அதிகம், அதை ஒளிக்கவில்லை. அவன் நண்டு பிடிக்கிறவன். விடியலில் தன்னந்தனியாகப் படகை எடுத்துக்கொண்டு போய்க் கூண்டுகளைத் தூக்குவான். அங்கே தலை சுற்றினால் பிடித்துக்கொள்ள ஆள் கிடையாது.

அன்றைக்கு செயின்ட் ஆல்வின்காரர்களோடு ஆட்டம். அவர்களிடம் தோற்றால் எங்கள் ஊரில் ஒரு வாரம் ரொட்டி வாங்கக்கூடக் கடைக்குப் போகமுடியாது. எங்கள் பயிற்சியாளர் ஹெட்லி காலையிலிருந்தே குட்டி போட்ட பூனை மாதிரி சுற்றிக்கொண்டிருந்தான். கம்பள வியாபாரி, நல்லவன்தான், ஆனால் ஜெயிக்கவேண்டும் என்று வந்துவிட்டால் மூளையைக் கழற்றி வைத்துவிடுவான். போதாக்குறைக்கு அன்று கவுண்டியிலிருந்து பாஸ்கோ வந்திருந்தார். கோல் கம்பங்களுக்கு மெத்தை கட்டியிருக்கிறதா, ஸ்ட்ரெச்சர் இருக்கிறதா என்று வருடத்துக்கு ஒருமுறை பார்க்க வருகிற பெரியவர். வந்ததும் அவர் கண்ணில் பட்டது, ஆம்புலன்ஸ் வரும் வாசலை அடைத்துக்கொண்டு நின்ற ஹெட்லியின் கம்பள வேன். அதை எடுக்க வைத்த பிறகுதான் இறைச்சி அடைத்துச் சுடுகிற பாஸ்டி ஒன்று வாங்கச் சென்றார்.

முதல் பாதியிலேயே எங்கள் மாற்று முன்வரிசைக்காரன் தோளைப் பிடித்துக்கொண்டு வெளியேறிவிட்டான். முன்வரிசையில் பழகாதவனை நிறுத்தினால் கழுத்து முறிந்துவிடும். ஆகவே டென்சிலும் போனால் அப்புறம் ஸ்க்ரமில் யாரும் தள்ளக்கூடாது, சும்மா கோர்த்துக்கொண்டு நிற்கவேண்டியதுதான். எங்களிடம் இருந்த ஒரே சரக்கு அந்த ஸ்க்ரம். அவனுக்குப் பதிலாக வேறு ஆளையும் இறக்கமுடியாது. அந்த ஸ்க்ரம் புண்ணியத்தில்தான் நாங்கள் மூன்று புள்ளி முன்னால் இருந்தோம்.

இரண்டாம் பாதி நடுவில் செயின்ட் ஆல்வின்காரன் ஒருவன் பந்தோடு முட்டிக்கொண்டு வந்தான். டென்சில் குனிந்து அவனைப் பிடித்தான். அவன் இடுப்பெலும்பு டென்சிலின் நெற்றிப்பொட்டில் இடித்தது. இருவரும் விழுந்தார்கள், அவன் எழுந்தான், டென்சில் சேற்றில் குப்புறக் கிடந்தான்.

நான் பையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். ஹெட்லி தண்ணீர்ப் பாட்டிலோடு எனக்கு முன்பே போய் டென்சில் காதருகே குனிந்துவிட்டான். அவ்வளவு வேகமாக அவன் ஓடி நான் பார்த்ததில்லை. நான் போய்ச் சேர்வதற்குள் டென்சில் எழுந்து உட்கார்ந்திருந்தான். முகமெல்லாம் சேறு, கண்ணைப் பார்க்கக்கூட வழியில்லை.

"எந்த மைதானம்டா இது?"

"நம்ம மைதானம். போர்த்மெல்லிஸ்."

"எந்தப் பாதி?"

"ரெண்டாவது."

"கடைசியா பாயிண்ட் எடுத்தது யாரு?"

"ஹிக்ஸ். பெனால்டி. பதினேழுக்குப் பதினாலு. நாம முன்னாடி."

பக்கத்தில் ஹெட்லி பாட்டிலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு பல்லைக் காட்டினான்.

"போன வாரம் யாரோட ஆடினோம்?"

"ட்ரெகார்ன். தோத்தோம். இருபத்தாறுக்குப் பன்னெண்டு."

நான் கேள்வியை நிறுத்தினேன். போன வாரம் ஆட்டம் முடிந்து வீட்டுக்குப் போகிற வழியில், காரில், ஜெயித்தோமா என்று கேட்டவன் இவன்.

"எழுந்திரு, வெளிய போலாம்."

"ஏம்மா வென்னா, உனக்கென்ன பைத்தியமா?" என்றான் ஹெட்லி. "எல்லாத்துக்கும் டாண் டாண்ணு பதில் சொன்னானே!"

"அதுக்காகத்தான் வெளிய கூட்டிட்டுப் போறேன்."

நடுவர் சின்னப் பெண், பக்கத்து ஊர்ப் பள்ளியில் டீச்சர். என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "சரியா பதில் சொன்னதுக்கா வெளிய எடுக்கறீங்க?"

"ஆமாம்மா. எனக்குச் சந்தேகமா இருக்கு. அது போதும்ல?"

"போதும்," என்று கையை உயர்த்திக் காட்டிவிட்டாள். புத்திசாலிப் பெண்.

டென்சில் என் கையை உதறினான். "அக்கா, ஊர் முன்னாடி என் மானத்தை வாங்காத. நான் நல்லாத்தான் இருக்கேன்."

"நட."

கூட்டம் என்னை வறுத்தெடுத்தது. "தம்பியப் பொத்திப் பொத்தி வளக்குறா பாரு!" என்றான் ஒருவன். "பஸ்ஸுக்கு நேரமாச்சாம், அதான் ஆளை ஏத்திட்டுக் கிளம்புறா!" என்றான் இன்னொருவன். அந்த இன்னொருவனுடைய மகள் என் பஸ்ஸில்தான் வருகிறாள். திங்கட்கிழமை அவனை வாசலில் வைத்துப் பேசிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

ஹெட்லி விடுவதாக இல்லை. கோட்டோரத்தில் பாஸ்டி தின்றுகொண்டிருந்த பாஸ்கோவிடம் ஓடினான்.

"ஐயா, நீங்களே நியாயம் சொல்லுங்க. ஒரு கேள்வி விடாம சரியா சொன்னவனை இந்தம்மா இழுத்துட்டு வருது. உங்க கவுண்டி சட்டத்துல இதுக்கு இடம் இருக்கா?"

"எந்த இடத்துல ஆடற பையன்?" என்றார் பாஸ்கோ.

"முன்வரிசைங்க."

"பாயிண்ட் யாரு எடுத்ததுன்னு சொன்னானா?"

"அது மட்டுமா? ஸ்கோரையே சொன்னாங்க! கேக்காமலே சொன்னான்! போன வார ஸ்கோரும் சேத்து!"

பாஸ்கோ மெல்லுவதை நிறுத்தினார். அப்போதுதான் அவர் காதுகளைக் கவனித்தேன். ஸ்க்ரமில் உரசி உரசி இரண்டும் கசங்கி வீங்கி, காது என்று சொன்னால்தான் தெரியும் என்கிற நிலையில் இருந்தன.

"தம்பி, நானும் முன்வரிசைதான்," என்றார். "கல்யாணத்துக்கு முந்தி ஆரம்பிச்சு, மூத்தவ காலேஜ் போற வரைக்கும் ஆடினேன். ஒரு நாள், ஒரே ஒரு நாள்கூட எனக்கு ஸ்கோர் தெரிஞ்சதில்ல." பாஸ்டியைக் காகிதத்தில் சுற்றிப் பையில் வைத்தார். "அந்தப் பையனை உக்கார வைம்மா. தனியா விடாதே. நான் காரை வாசலுக்குக் கொண்டுவரேன்."

டென்சில் அசைய மறுத்தான். ஆட்டம் முடியும்வரை இருந்துவிட்டுத்தான் வருவேன் என்று அடம். குண்டுக்கட்டாகத் தூக்க அங்கே யாருக்கும் பலமில்லை. கிளப் அறைக்குள் அழைத்துப் போய் போர்வையைப் போர்த்தி உட்கார வைத்தேன். வெளியே எங்கள் ஆட்கள் தள்ள முடியாத ஸ்க்ரமில் நின்று நின்று, முப்பத்தொன்றுக்குப் பதினேழு என்று தோற்றார்கள். சேற்றோடு உள்ளே வந்தவர்கள் ஒருவரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. ஹெட்லி மட்டும் பார்த்தான், எரித்துவிடுகிற மாதிரி.

நான் டீ ஊற்றிக்கொண்டே கேட்டேன். "டென்சில், சக்கரை எத்தனை?"

"ரெண்டாவது," என்றான்.

"ரெண்டா?"

"ரெண்டாவது பாதி. ஹிக்ஸ். பெனால்டி. பதினேழுக்குப் பதினாலு. நாம முன்னாடி."

யாரோ சிரித்தார்கள். கிண்டல் பண்ணுகிறான் என்று நினைத்திருப்பார்கள். டென்சில் சிரிக்கவில்லை. ஹெட்லியை நிமிர்ந்து பார்த்தான், பாடம் ஒப்பித்த பிள்ளை டீச்சரைப் பார்க்கிற மாதிரி.

"சரியா சொன்னேனா, ஹெட்லி அண்ணே?"

ஹெட்லி முகத்தில் ஈயாடவில்லை. நான் டீயை மேசையில் வைத்தேன். டென்சிலைப் போர்வையோடு எழுப்பி வாசலுக்கு நடத்தினேன்.

பாஸ்கோவின் காரில்தான் ஆஸ்பத்திரிக்குப் போனோம். வழியில் டென்சில் இரண்டு முறை வாந்தியெடுத்தான், அவருடைய தொப்பியில். அவர் ஜன்னலை இறக்கிவிட்டு வேகத்தைக் கூட்டினார். மண்டைக்குள் ரத்தம் கசியவில்லை என்று டாக்டர் சொன்னபோது நான் நாற்காலியில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். அவன் சொன்ன பதில்களை நம்பி அவனை இன்னொரு முட்டலுக்கு விட்டிருந்தால் என்ற நினைப்பே போதுமாயிருந்தது.

ஹெட்லி எங்கள் பின்னாலேயே வேனில் வந்திருந்தான். வராந்தாவில் தலைகுனிந்து நின்றான்.

"செவ்வாக்கிழமை பார்ல வெச்சு முன்வரிசைக்கெல்லாம் அந்தக் கேள்விய சொல்லிக் குடுத்தேன் வென்னா. போன வார ஸ்கோரையும் உருப்போட வெச்சேன். இன்னிக்கு ஸ்கோரை மட்டும் நான் தண்ணியோட ஓடிப்போய்க் காதுல சொல்றதுன்னு பேச்சு. டென்சில் மண்டையில ஏத்தறதுக்குள்ளதான் ரொம்பத் திணறிட்டேன்."

"ஏத்தினது நல்லதாப் போச்சு, அவனுக்கு ஸ்கோர் தெரிஞ்சதாலதான் எனக்குச் சந்தேகமே வந்துச்சு." நான் டென்சிலின் படகுச் சாவியை எடுத்து ஹெட்லியின் முகத்துக்கு நேரே ஆட்டினேன். "டாக்டர் சொல்ற வரைக்கும் அவன் கடலுக்குப் போகக்கூடாது. நாப்பது கூண்டு கெடக்கு. யாரு தூக்குறது?"

"யாராவது..."

"நீதான். பக்கத்துப் படகுக்காரர் ஓட்டுவாரு, நீ தூக்குவ."

"வென்னா, எனக்குப் படகே ஒத்துக்காது. ஊஞ்சல்கூட ஒத்துக்காது."

"தெரியுமே."

அந்த மூன்று வாரமும் எங்கள் துறைமுகத்துக்குக் கொண்டாட்டம். விடிந்ததும் ஆளாளுக்கு டீ மக்கைத் தூக்கிக்கொண்டு சுவரோரம் வந்துவிடுவார்கள். கம்பள வியாபாரி படகின் விளிம்பைக் கட்டிக்கொண்டு பச்சை முகத்தோடு திரும்பி வருவதைப் பார்த்துவிட்டுத்தான் வேலைக்குப் போவார்கள். ஆனால் ஒரு நாள்கூட அவன் வராமல் இருக்கவில்லை, அதையும் சொல்லவேண்டும். டென்சிலோ கோட்டோரத்தில் என் பக்கத்தில் நின்று, வாழ்க்கையில் முதல்முறையாக எங்கள் கிளப்பின் ஆட்டத்தை முழுதாகப் பார்த்தான்.

"அக்கா, நாம இவ்வளவு கேவலமாவா ஆடறோம்?"

"ஆமாண்டா."

"யாரும் என்கிட்ட சொல்லவேயில்லையே!"

டாக்டர் சரி என்று சொல்லி, அவன் திரும்ப இறங்கிய நாளும் வந்தது. அன்று ஒரு ஸ்க்ரம் கலைந்தபோது கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். விழுந்தடித்துக்கொண்டு ஓடினேன். தலையில் ஒன்றுமில்லை, எவனோ விரலை மிதித்துவிட்டான். ஹெட்லி பத்தடி தள்ளியே நின்றுவிட்டான், பாட்டிலைத் தரையில் வைத்து, இரண்டு கையையும் மேலே தூக்கி, வாயை இறுக மூடிக்கொண்டு.

விரலுக்குக் கட்டுப்போடும்போது எனக்கு மனசு கேட்கவில்லை.

"கடைசியா பாயிண்ட் எடுத்தது யாருடா?"

"யாராவது எடுத்திருப்பாங்க."

"ஸ்கோர் என்ன?"

"அக்கா, விரலைக் கட்டு. ஸ்கோரெல்லாம் எனக்கெதுக்கு?"

என் கண் நிறைந்துவிட்டது. அவன் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தேன். "போடா, போய் முட்டு."

நாலடி போனவன் திரும்பினான். "ஆமா, ஜெயிச்சிட்டிருக்கோமா?"

பதில் சொல்ல வாயெடுத்தேன். அப்போதுதான் உறைத்தது. ஆட்டம் தொடங்கியதிலிருந்து நான் அவன் தலையை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். யார் ஓடினார்கள், யார் புள்ளி எடுத்தார்கள், ஒன்றும் தெரியாது.

"தெரியலடா," என்றேன்.

டென்சில் இடுப்பில் கைவைத்து, மைதானம் முழுக்கக் கேட்கிற மாதிரிச் சொன்னான். "ஸ்கோர் தெரியலயா? அப்ப நீ வெளிய போய் உக்காரு!"