ஆரஞ்சுக் கறை

என் ஓரகத்தியை இந்தக் கம்பெனிக்குள் கொண்டுவந்து விட்டவளே நான்தான். கொழுந்தனைக் கட்டிக்கொண்டு வந்த பெண், வேதியியல் படித்தவள், வீட்டில் சும்மா இருக்கிறாளே என்று பாவம் பார்த்துச் சிபாரிசு செய்தேன். என் புத்தியை என்னவென்று சொல்வது!

கம்பெனி என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். டயர் கடைக்கு மேலே ஒரு மாடி, மிஞ்சிப் போனால் பத்துப் பன்னிரண்டு பேர். மூளையில் நரம்பணுக்கள் ஒவ்வொன்றாகச் செத்து, கை நடுங்கி, நடை தளர்கிற நோய்களுக்கு வாய்வழி மருந்து கண்டுபிடிப்பது எங்கள் வேலை. ஊசி கிடையாது, விழுங்குகிற மாத்திரைதான். வருஷக்கணக்காக முட்டி மோதியதில் கடைசியாக இரண்டு தேறின. ஒன்று என்னுடையது, வெள்ளைப் பொடி. மற்றது அவளுடையது, பளீரென்ற ஆரஞ்சுப் பொடி. இரண்டில் ஒன்றைத்தான் மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்க்க முடியும். அதற்கு மேல் கம்பெனிக்குத் தெம்பில்லை.

என்னுடையதுதான் போக வேண்டும் என்று நான் ஆசைப்பட்டதில் என்ன தப்பு? அதற்காகத் தலைமுடி கொட்டியது எனக்கு. அவள் நேற்று வந்தவள்.

மாமனாருக்கும் அதே நோய்தான். சாப்பிட உட்கார்ந்தால் டம்ளர் கையில் நிற்காது. அப்போதும் அவளைப் பார்த்துத்தான் கேட்பார்: "உன் மாத்திரை எப்பம்மா வரும்?" நான் எதிரே குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருப்பேன்.

"நானும் ஒண்ணு செஞ்சுக்கிட்டுத்தான் இருக்கேன் மாமா," என்றேன் ஒருநாள்.

"தெரியும்மா. ரெண்டு பேரும் நல்லா இருங்க," என்றார்.

என் கணவர் குனிந்து என் காதோரம், "புகை வருது, கொஞ்சம் தணிச்சுக்கோ," என்றார். வந்த ஆத்திரத்தில் அன்றைக்கு நான் சரியாகவே சாப்பிடவில்லை.

எந்த மருந்து என்று முடிவுசெய்ய ஒரே ஒரு சோதனை பாக்கி. நடுக்கம் வந்த எலிகளுக்கு மருந்தை வாய் வழியாகக் கொடுத்து, சுழலும் உருளையில் ஏற்றிவிடுவோம். எலி எவ்வளவு நேரம் விழாமல் நடக்கிறது என்பதுதான் கணக்கு. விழுந்ததும் பொத்தானை அழுத்துகிற வேலை எனக்கு. எந்தக் கூண்டுக்கு எந்த மருந்து என்பது எலி அறையைப் பார்த்துக்கொள்பவருக்கு மட்டும்தான் தெரியும். எனக்குத் தெரிந்தால் கை பாரபட்சம் காட்டிவிடும். தப்பித் தவறித் தெரிந்துவிட்டால் உடனே சொல்லிவிட வேண்டும். சோதனை மொத்தமும் செல்லாமல் போய்விடும். இதில் எவருக்கும் சலுகை கிடையாது.

ஒருநாள் கூண்டுகளை எடுக்கும்போது பார்த்தேன். சில கூண்டுகளின் அடித்தாளில் ஆரஞ்சுக் கறை. எலி மூத்திரம். அடிப்பாவி, இது உன் பொடியல்லவா! அந்தக் கூண்டு எலிகள்தான் உருளையில் ராஜநடை போட்டன. மற்றவை தொப்பென்று விழுந்தன.

ஒரு நொடிகூட நான் குறைத்துப் போடவில்லை. அது சத்தியம். ஆனால் ஒவ்வொரு முறை அந்த எலிகள் நடந்தபோதும் எனக்கு வயிறு பற்றி எரிந்தது. மாமனார் அவள் கையால் மாத்திரை வாங்கி விழுங்குவதும், டம்ளர் ஆடாமல் நிற்பதும், வீடே அவளைத் தலையில் தூக்கிவைத்துக்கொண்டு ஆடுவதும் கண் முன்னால் வந்து போயின. சோதனை விதியும் என் பக்கம் இருந்தது: நான் வாய் திறந்தால் அவள் எலிகள் ஜெயித்ததும் செல்லாது. பொறாமைக்கு அதைவிட நல்ல துணை வேறென்ன வேண்டும்? நேரே இயக்குநர் அறைக்குப் போனேன்.

"சார், சில கூண்டுத் தாள்ல ஆரஞ்சுக் கறை இருக்கு. எந்தக் கூண்டுக்கு எதுன்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு. மறைக்க மனசு வரல."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "நல்லா யோசிச்சுத்தான் சொல்றீங்களா?"

"ஆமா சார். நேர்மைன்னு ஒண்ணு இருக்கில்ல?"

எல்லோரையும் கூப்பிட்டார். சோதனை செல்லாது என்று அறிவித்தார். ஓரகத்தியின் முகம் வாடுவதைப் பார்த்து எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. இனி மறைக்க என்ன இருக்கிறது என்று, கறை பட்ட கூண்டுகளில் எந்த மருந்து என்று இயக்குநர் எலி அறைக்காரரைக் கேட்டார்.

"அது மேடத்தோடதுங்க," என்று என்னைக் காட்டினார் அவர். "வெள்ளைப் பொடி."

"உளறாதீங்க! ஆரஞ்சு அவளோடது!"

"அக்கா," என்றாள் ஓரகத்தி மெதுவாக, "என்னோடது குடலுக்குள்ள போனதும் நிறம் போயிடும்க்கா. உங்களோடது ஈரல்ல உடைஞ்சு ஆரஞ்சா மாறியிருக்கணும்."

வாய்வழி மருந்து செய்கிறவர்களுக்கு இது பாலபாடம். விழுங்கியது விழுங்கியபடியே வெளியே வராது. குடுவையில் பார்த்த நிறத்தையே நான் கட்டிக்கொண்டு அழுதிருக்கிறேன். ராஜநடை போட்டதெல்லாம் என் எலிகள். என் மருந்து வேலை செய்கிறது. என் தலையில் நானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டேன்.

"சார், நான் நினைச்சதே தப்புதானே? அப்போ எனக்கு எதுவும் தெரியலைன்னுதானே அர்த்தம்?" என் குரல் எனக்கே கேவலமாகக் கேட்டது.

"ஏதோ ஒண்ணை மனசுல வச்சுக்கிட்டுத்தானே பொத்தானை அழுத்துனீங்க? அதை எப்படிம்மா கணக்குல எடுக்கறது?"

"மறுபடியும் செய்யலாம் சார்."

"புது எலிக்கு வயசாகி நடுக்கம் வரணும். அது வரைக்கும் நாம கம்பெனிய நடத்த முடியாது. எலிக்கு முன்னாடி குடுவையில செஞ்ச செல் சோதனையில எது முந்தியிருக்கோ, இனி அதுதான் போகும்."

செல் சோதனையில் முந்தியிருந்தது அவளுடையது.

அவள் எழுந்து நின்றாள். "வேணாம் சார். என்னோடதை நிறுத்திடுங்க. அக்காவோடதுதான் நல்லது. மாமாவுக்கு அதுதான் கிடைக்கணும்." சொல்லும்போதே குரல் உடைந்து, என் கையைப் பிடித்துக்கொண்டு தேம்பினாள். இயக்குநர் முடியாது என்று தலையை ஆட்டினார். மற்றவர்கள் அவள் தோளைத் தட்டிக்கொடுத்தார்கள், தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்கள். "என்ன நல்ல மனசு!" என்றார் எலி அறைக்காரர்.

பறிபோனது என் மருந்து. அதற்காக அழக்கூட அவள் எனக்கு இடம் வைக்கவில்லை.