உயிரோடு இருப்பவரின் அஞ்சலிக் குறிப்பு

பிரபலமானவர்கள் உயிரோடு இருக்கும்போதே அவர்களுக்கு அஞ்சலிக் குறிப்பு எழுதி வைத்துவிடுவது எங்கள் செய்தித் தளத்தில் வழக்கம். பயிற்சிக்கு வந்த எங்கள் இருவர் தலையிலும் அந்த வேலையைக் கட்டியிருந்தார்கள். ஊரில் உள்ள எல்லா ஆபிசுக்கும் மின்னஞ்சல் அனுப்பி, பதில் வராத இடங்களில் நேரில் போய் நின்று, கடைசியில் இங்கே நுழைந்தவள் நான். கூட இருந்தவனுக்கு மின்னல் என்று பெயர். தட்டச்சு வேகம் அப்படி. எனக்கு வைத்த பெயர் ஆமை. கேட்டாலே பற்றிக்கொண்டு வரும். பயிற்சி அன்றோடு முடிகிறது. இருவரில் ஒருவருக்குத்தான் வேலை, யாருக்கு என்று சாயங்காலம் ஆசிரியர் சொல்வார்.

மதியம், பழைய வில்லன் நடிகர் ஒருவர் காலமானார் என்று போட்டித் தளத்தில் செய்தி வந்தது. மற்றவர்களும் வரிசையாகப் போட்டார்கள். அவருக்குக் குறிப்பு எழுதி வைத்திருந்தவள் நான். ஆசிரியர் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்று, உடனே போடு என்றார். வீட்டில் ஒருவரிடமாவது கேட்காமல் சாவுச் செய்தி போடக்கூடாது என்று முதல் நாளே சொன்னவரும் அவர்தான். அதை நினைவுபடுத்தினேன்.

"ஊரே போட்டாச்சு. நீ இன்னும் சட்டம் பேசிட்டு இரு" என்றார்.

வேண்டுமானால் தான் போடட்டுமா என்று மின்னல் நாற்காலியை உருட்டிக்கொண்டே வந்தான். கழுத்தை நெரிக்கலாம் போலிருந்தது.

ஒரே ஒரு போன் என்று கெஞ்சிவிட்டு நடிகர் வீட்டு எண்ணை அழுத்தினேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஆசிரியர் வாட்சைத் தட்டிக் காட்டினார். வேலை போச்சு என்றே முடிவுகட்டிவிட்டேன். துக்க வீட்டில் எடுத்த எடுப்பில் என்ன கேட்பது என்றும் தெரியவில்லை.

"ஹலோ, யாரு?"

சின்ன வயதில் அந்தக் குரலைக் கேட்டு அம்மாவின் பின்னால் ஒளிந்திருக்கிறேன். நடிகரேதான். எந்த ஆபிஸ் என்று மட்டும் உளறினேன்.

"செத்துட்டேனாம்மா?" என்றார்.

"எல்லாரும் போட்டுட்டாங்க சார். நாங்க இன்னும் போடல."

படத்தில் எத்தனையோ முறை செத்திருப்பதாகச் சொல்லிச் சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. மகள் வெளியூரில் இருக்கிறாள், அந்தச் செய்தி அவள் கண்ணில் படுவதற்குள் தான் நன்றாக இருப்பதாகப் போட முடியுமா என்று கேட்டார். போனைப் பொத்திக்கொண்டு ஆசிரியரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் முகத்தில் ஈயாடவில்லை. அவர் நலம் என்று மின்னல் அந்த நொடியே தட்ட ஆரம்பித்தான். அதற்கு மட்டும் அவனுக்கு நன்றி.

எனக்கும் ஒன்று எழுதி வைத்திருப்பாயே, படி என்றார் நடிகர். மறைக்கத் தோன்றவில்லை. திரையில் கொடியவர், நேரில் குழந்தை மனம் கொண்டவர் என்று முதல் வரியைப் படித்தேன்.

"இத எல்லாருக்கும்தான் எழுதுவீங்க. எடுத்துடு. என்கூட சண்ட போட்டு நடிச்சவங்க ஒருத்தருக்கும் நெஜமா அடி பட்டதில்ல. அத எழுது."

எழுதிக்கொண்டேன். வைப்பதற்கு முன், தொடர்ந்து அங்கேதான் வேலை பார்ப்பாயா என்று கேட்டார். பார்ப்பேனா என்று ஆசிரியரிடமே வாய்விட்டுக் கேட்டுவிட்டேன். அவர் மின்னலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பார்ப்பாய் என்று தலையசைத்தார்.

"பார்ப்பேன் சார்."

"அப்ப அடுத்த தடவையும் நீயே கூப்பிடும்மா. போன எடுக்கப் போறது என் மக. அவகிட்ட மெதுவா கேளு."