நாற்பத்தொரு புழுக்களின் சொந்த ஊர்

உலகத்தில் இன்னும் யாரும் பெயர் வைக்காத நாற்பத்தொரு உயிர்களுக்கு அண்ணன் போட்ட விலை, அரைக் கோப்பை தேநீர். அதையும் யோசித்துத்தான் போட்டார். துறைமுக முனையில் தூண்டில் இரை விற்கிறவர் அவர். ஒரு கரண்டி புழு ஒரு தேநீர் விலை என்பது அவர் கடை வழக்கம். தங்கை கொண்டுவந்த மூன்று குப்பிகளையும் கொட்டினால் கால் கரண்டிகூடத் தேறாது. கூடப் பிறந்தவள் ஆயிற்றே என்றுதான் அரைத் தேநீர்.

தங்கைக்கு அருங்காட்சியகத்தின் புழுப் பிரிவில் வேலை. தற்காலிகம். அரிசி நீளம்கூட இல்லாத, உடம்பெல்லாம் முள்மயிர் கொண்ட இந்தக் கடற்புழுவின் உடலமைப்பையும், அது எங்கெங்கே வாழ்கிறது என்பதையும் எழுதி, பெயர் வைத்து அச்சுக்கு அனுப்பிவிட்டால் நிரந்தரம் என்று பிரிவின் தலைவி வாக்குக் கொடுத்திருந்தார். அங்கே குளிர்ப்பெட்டி பழுது. ஆகவே ஆல்கஹாலில் ஊறிய புழுக்கள் அண்ணன் கடைக் குளிர்ப்பெட்டியில் விருந்தாளியாகத் தங்கின. பாறைக் குட்டையில் பிடித்தவை ஒரு குப்பி, கழிமுகச் சேற்றில் பிடித்தவை ஒரு குப்பி, படகுத்துறைத் தூணில் சுரண்டியவை ஒரு குப்பி. ஒவ்வொன்றுக்குள்ளும் இடத்தின் பெயர் எழுதிய துண்டுச் சீட்டு.

ஞாயிற்றுக்கிழமை அவள் எடுக்க வந்தபோது ஒரு குப்பிதான் இருந்தது.

"மத்த ரெண்டு எங்கண்ணா?"

"எல்லாம் இதுலதாம்மா இருக்கு. கால்வாசி கால்வாசியா மூணு குப்பி எதுக்கு இடத்தை அடைக்கணும்? ஒண்ணாக் கொட்டிட்டேன். ஒரே சரக்குதானே."

"சீட்டு?"

"அதையும் பத்திரமா உள்ளயே போட்டிருக்கேன். நான் என்ன விவரம் கெட்டவனா?"

போட்டுத்தான் இருந்தார். மூன்று சீட்டுகளும் ஒன்றையொன்று கட்டிப்பிடித்து மிதந்தன. அடியில் நாற்பத்தொரு புழுக்கள், எது எந்த ஊர் என்று சொல்லாமல் கிடந்தன.

தங்கை அப்படியே ஒரு தொட்டியின் மூடிமேல் உட்கார்ந்துவிட்டாள். திட்டியிருந்தால் அண்ணன் தாங்கியிருப்பார். காலையிலிருந்து வாடிக்கையாளர்களிடம் அதைத்தான் வாங்கிக்கொண்டிருந்தார். அவளோ மிதந்த சீட்டுகளைத் திரும்பத் திரும்ப எண்ணிக்கொண்டிருந்தாள்.

"போன வருஷம் என் மாத்திரை டப்பாக்களையும் இப்படித்தான் ஒண்ணாக் கொட்டினார்" என்றாள் கல்லாவில் இருந்த அண்ணி. "தலைவலிக்கு நான் எதை முழுங்கினேன்னு இன்னிக்கு வரைக்கும் தெரியல."

"நீ வேற ஏன் எண்ணெய் ஊத்தற? ஏம்மா, இடம் தெரியாட்டி அவ்வளவு மோசமா?"

"எது எங்க கிடைச்சதுன்னு சொல்லத் தெரியலைன்னா, இது வெறும் தூண்டில் இரைண்ணா. நாளைக்குக் காலையில தலைவி வந்து பாக்கறாங்க."

அண்ணன் எழுந்து கடைக் கதவைப் பாதி இறக்கினார். குனிந்து எட்டிப் பார்த்தவர்களிடம், பின்னால் பன்னிரண்டு தொட்டி நிறையப் புழு நெளிய, "இன்னிக்குப் புழு இல்லை" என்று முகம் மாறாமல் சொல்லி அனுப்பினார்.

தங்கை போய் அருங்காட்சியகத்து நுண்ணோக்கியை எடுத்து வந்து, இரை எடை போடும் மேசையைத் துடைத்து வைத்தாள். ஒவ்வொரு புழுவாக மெல்லிய தூரிகையால் எடுத்துக் கண்ணாடித் தட்டில் விட்டாள். தலையில் நான்கு கண்கள். மணி கோத்தாற்போல மூன்று உணர்கொம்புகள். வளையத்துக்கு வளையம் இருபுறமும் குட்டித் துடுப்பு, துடுப்பின் முனையில் கண்ணாடி இழைபோல ஒரு கற்றை முள்மயிர். மயிரின் நுனியில் இரண்டு பல், அதில் ஒன்று கொக்கியாக வளைந்தது. இந்தப் புழு புதிது என்பதற்கு அந்தக் கொக்கிதான் சாட்சி. ஆனால் மூன்று ஊர்ப் புழுக்களுக்கும் அதே கொக்கி. சொந்த ஊரைக் காட்டிக்கொடுக்க அதற்கு மனசில்லை.

"இதோ பாரு, இதுல நீலத் துணுக்கு ஒட்டியிருக்கு" என்றார் எட்டிப் பார்த்த அண்ணன். "படகு பெயிண்ட். படகுத்துறைக்காரன்!"

"வெளிய ஒட்டினதை நம்ப முடியாதுண்ணா. நீ கொட்டிக் கலக்கினப்ப ஒட்டியிருக்கும்."

சொல்லிவிட்டு அவள் நிமிர்ந்தாள். பிறகு மறுபடி குனிந்து, விளக்கைக் கீழிருந்து அடித்தாள். உடம்பு ஊடுருவித் தெரிந்தது. தொண்டைக்குக் கீழே பீப்பாய்போல ஒரு தசை, அதற்குப் பின்னே வால்வரை நீளும் குடல். குடலுக்குள் இளஞ்சிவப்புப் பாசித் துணுக்கு.

"வெளிய இருக்கறது கலந்திருக்கும். வயித்துக்குள்ள இருக்கறது எப்படிக் கலக்கும்?" என்றாள். "செத்தப்புறம் யாரும் சாப்பிடறதில்லையே."

சிவப்புப் பாசி தின்றவை பாறை. கருஞ்சேறு நிறைந்தவை கழிமுகம். குடலில் நீலப் பெயிண்ட் துகள் இருந்தவை படகுத்துறை. மத்தியானச் சாப்பாட்டையும் மறந்து அண்ணன் மூன்று கிண்ணம் பிடித்து நின்றார். பாதியில் அவரே, "சேறு! சேத்துல ஒண்ணு!" என்று ஏலம் கூற ஆரம்பித்துவிட்டார்.

முப்பத்தெட்டு தீர்ந்தது. மூன்றின் வயிறு காலி. அந்த மூன்றில்தான் அவள்: இனத்தின் பெயரையே தாங்கப்போகிறவள் என்று தங்கை அன்று பார்த்ததுமே முடிவு செய்திருந்த பெண்புழு. ஒரு கொம்பு உடையவில்லை, ஒரு மயிர் உதிரவில்லை, பக்கமெல்லாம் முட்டை. முட்டை நிறைந்ததால்தான் தின்பதை நிறுத்தியிருந்தது.

"இவளைப் பிடிச்சது ஞாபகம் இல்லையா?"

"பாறையா இருக்கலாம். ஆனா சேத்துலயும் ஒரு முட்டைக்காரி கிடைச்சா."

"இருக்கலாம்னா பாதி உறுதி. நான் கால் உறுதிக்கே ஒரு லாரி சரக்கு எடுப்பேன். பாறைன்னு எழுதிடு, எந்தப் புழு வந்து கேக்கப் போகுது?"

"நாளைக்கு வேற ஒருத்தர் பாறையில போய்த் தேடுவாரேண்ணா, நான் எழுதினதை நம்பி."

அண்ணன் நாலாவதாக ஒரு கிண்ணம் எடுத்து, அந்த மூன்றையும் அதில் விடச் சொன்னார். பேரத்தில் அவர் விட்டுக்கொடுத்ததை அண்ணி அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தாள்.

மறுநாள் தங்கை நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள். தலைவி வெகுநேரம் கண்ணை எடுக்காமல் முட்டைக்காரியைப் பார்த்தார்.

"என்ன அழகா இருக்கா! இவ ஊர் மட்டும் தெரிஞ்சிருந்தா..." பெருமூச்சு விட்டார். "முப்பத்தெட்டுல எதுவும் முழுசா இல்லை. ஒவ்வொண்ணும் எதையாவது தொலைச்சிருக்கு. பேர் வைக்க முழுசா ஒருத்தி வேணும்மா. அடுத்த பருவத்துல கொண்டு வா. அதுவரைக்கும் உன் இடத்துல வேற யாரையும் நான் உக்கார வைக்க மாட்டேன். ஆனா நிரந்தரம்னும் எழுத முடியாது."

சாயங்காலம் தங்கை கடைக்கு வந்து விஷயத்தைச் சொன்னபோது, அண்ணன் புதுக் குப்பி ஒன்றைக் கழுவினார். சீட்டில் 'பாறைக் குட்டை' என்று அவரே எழுதி உள்ளே போட்டார். பருவம் வந்ததும் தண்ணீர் வற்றுகிற விடியலில் தானே இறங்கப்போவதாகச் சொன்னார். பிறகு, கடை மூடும்போது வழக்கமாகச் செய்வதுபோல, சாக்குக்கட்டியால் கதவின் உட்புறத்தில் கணக்கு எழுதினார்:

பாறை பதினான்கு. சேறு பதினேழு. படகுத்துறை ஏழு. ஊர் தெரியாதவை மூன்று. ஆக நாற்பத்தொன்று, சரி. பாக்கி: முழுசாக ஒரு முட்டைக்காரி, அண்ணன் பேரில்.