ஆறு ஜாடிகள்

“தொடாதீங்க சித்தப்பா!”

நான் கத்திய கத்தலில் அவர் கை அந்தரத்தில் நின்றது. அப்பாவின் உடலை மருத்துவமனையிலிருந்து கொண்டுவர இன்னும் அரை மணி நேரம்தான். படுக்க வைக்கக் கூடத்தில் இடம் வேண்டுமென்று மேசையை ஒதுக்கிக்கொண்டிருந்தார்.

“வெறும் பாட்டில்தானேம்மா?”

“நானே எடுக்கிறேன். தள்ளி நில்லுங்க.”

“பாவம், புள்ள ராத்திரி பூரா தூங்கல” என்றார் யாரோ.

வெறும் பாட்டில் இல்லை. லேடன் ஜாடி. ஜாம் பாட்டிலின் உள்ளேயும் வெளியேயும் அலுமினியத்தாள், மூடியில் பித்தளைக் குமிழ். ஏறக்குறைய முந்நூறு வருஷத்துக்கு முன்னால் மின்சாரத்தைப் பிடித்து வைக்க இதுதான் இருந்தது. அப்பா பள்ளியில் இயற்பியல் வாத்தியார். எந்தப் பாடம் என்றாலும் அந்தக் காலத்துக் கருவியை வீட்டில் செய்து எடுத்துக்கொண்டு போவார். “சூத்திரம் புத்தகத்துல இருக்கு. அதுக்கு முன்னாடி எத்தனை பேர் தடுக்கி விழுந்தாங்கன்னு அதுல இல்லையே” என்பார்.

அறிவியல் கண்காட்சிக்கு அவர் செய்தது ஒரு ஜாடி. அவருக்குத் தெரியாமல் நான் இன்னும் ஐந்து செய்து, ஆறையும் கம்பியால் இணைத்தேன். நேற்று சாயங்காலம் நானும் தங்கச்சியும் மாற்றி மாற்றி, அப்பா செய்த உராய்வு மின் எந்திரத்தின் சக்கரத்தைச் சுற்றி மின்னேற்றினோம். மேலே துண்டைப் போட்டு மூடினேன். சாப்பிட்டதும் துண்டை விலக்கி ஒரு பெரிய பொறி காட்டி அவரைத் துள்ள வைக்க வேண்டும். அதற்குள் குளித்துவிடலாம் என்று போனேன்.

அம்மாவின் அலறல் கேட்டு ஓடி வந்தபோது அப்பா மேசையடியில் கிடந்தார். பக்கத்தில் துண்டு கிடந்தது.

மாரடைப்பு என்றார் டாக்டர். நாலு வருஷமாக மாத்திரையில் ஓடிய இதயம். யாரும் வேறெதுவும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

ஜாடியிலுள்ள மின்சாரத்தை வெளியேற்றும் வளைந்த கம்பி, மரப்பிடியோடு ஆணியில் தொங்கியது. அப்பா அதை எடுத்திருந்தாலும் மறக்காமல் திரும்ப மாட்டியிருப்பார். நான் அதை எடுத்து ஒரு முனையை வெளித்தாளில் வைத்தேன். பொறி வந்தால் அப்பா ஜாடியைத் தொடவேயில்லை. ஒரே ஒரு பொறி. மனசுக்குள் கெஞ்சிக்கொண்டே மறுமுனையைக் குமிழில் வைத்தேன்.

ஒரு சத்தமும் இல்லை.

ராத்திரி முழுக்க மழை. ஈரக்காற்றில் மின்னூட்டம் தானாகக் கசிந்து போகும், அப்பாவே சொல்லியிருக்கிறார். கசிந்துதான் போயிருக்கும்.

அவரைக் கொண்டுவந்து கிடத்தியதும் முதலில் விரல்களைத்தான் பார்த்தேன். நகக்கண்ணில் சாக்பீஸ் தூள் இருந்தது. வேறொன்றும் தெரியவில்லை.

பழைய மாணவர்கள் வந்தார்கள். பஸ் ஓட்டுகிற ஒருவர் அம்மாவின் எதிரே தரையில் உட்கார்ந்தார்.

“டீச்சரம்மா, நாங்க அவருக்கு ஷாக் சார்னுதான் பேரு வச்சிருந்தோம். ஒரு ராஜா முன்னாடி நூத்தி எண்பது சிப்பாய்ங்களைக் கை கோத்து நிக்க வச்சு ஷாக் குடுத்தாங்களாம். அதே மாதிரி எங்க கிளாஸையே நிக்க வச்சாரு. நாப்பது பேரும் ஒண்ணாத் துள்ளுனோம். நான் அழுதுட்டேன். ‘ஒத்தை ஜாடி ஒண்ணும் பண்ணாதுடா தடியா! நாலஞ்சைச் சேத்துக் கட்டினாத்தான் நானே ஓடணும்’னாரு.”

அம்மா சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பு பாதியில் உடைந்தது. நான் ஜாடிகள் இருந்த பக்கம் திரும்பவில்லை.

“நேத்து சாப்பிடக் கூப்பிட்டேன்” என்றாள் அம்மா, யாரையும் பார்க்காமல். “‘பெரியவ என்னமோ மூடி வச்சிருக்கா, பாத்துட்டு வரேன்’னார். சின்னப் பிள்ளை மாதிரி சிரிச்சுக்கிட்டே போனார்.” என்னை இழுத்து அணைத்துத் தலையைத் தடவினாள். “நீ செஞ்சதைப் பாத்துட்டாவது போனாரோ என்னவோடி.”

நான் அவள் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். இப்போது சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன்.

தங்கச்சி எங்கள் இருவருக்கும் நடுவில் நுழைந்து என் கையைப் பிடித்து இழுத்தாள்.

“அக்கா, நாம ஜாடியில புடிச்சு வச்ச மின்னல் எங்க போச்சு?”