பன்னிரண்டாவது படம்

பெண் பார்க்கப் போகிறவர்கள்கூட அவ்வளவு விசாரித்திருக்க மாட்டார்கள். பல்கலைக்கழகங்களின் நிதியியல் துறைகளைத் தங்கமாரி விசாரித்த விசாரிப்பு அப்படி. எங்கே எத்தனை ஆசிரியர்கள், வாரத்துக்கு எத்தனை வகுப்பு, ஆராய்ச்சிக்கு நேரம் விடுகிறார்களா இல்லை அட்மிஷனுக்கு ஆள்பிடிக்கத் துரத்துகிறார்களா என்று ஒரு நீள நோட்டில் கட்டம் போட்டு எழுதி வைத்திருந்தாள். கடைசிக் கட்டம் அவளே யோசித்துச் சேர்த்தது. அதற்குத் தலைப்பு ‘போனவர்கள்’. மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை ஒவ்வொரு துறையின் இணையப் பக்கத்தையும் திறந்து, போன மாதம் இருந்த படங்களில் எது காணாமல் போயிருக்கிறது என்று எண்ணுவாள். இடம் நன்றாக இருந்தால் மனுஷன் ஏன் கிளம்பப்போகிறான் என்பது அவள் கட்சி.

நிதியியலில் முனைவர் பட்டம் வாங்கிய அவளுக்கு அருப்புக்கோட்டையில் ஒரு கல்லூரியில் ஆறு வருஷமாகக் கௌரவ விரிவுரையாளர் வேலை. கௌரவமெல்லாம் பெயரோடு சரி. நிரந்தர ஆசிரியர் ஒருவர் வந்து சேர்ந்தால் அன்றைக்கே நாற்காலியைக் காலி செய்ய வேண்டும். அவளுடைய அம்மா சோலையம்மாள் எம்.ரெட்டியபட்டியில் பருத்தி எடுத்தும் களை வெட்டியும் மகளை இத்தனை தூரம் படிக்க வைத்தவள்.

அந்த வருஷம் அரசுப் பல்கலைக்கழகம் ஒன்று நிதியியல் துறைக்கு உதவிப் பேராசிரியர் வேண்டுமென்று அறிவித்தது. தங்கமாரியின் நோட்டில் முதல் இடம் அந்தத் துறைக்குத்தான். மூன்று வருஷமாக அங்கே ‘போனவர்கள்’ கட்டத்தில் சுழி. உடனே விண்ணப்பித்தாள். வயது வரம்பைத் தொட அவளுக்கு ஏழு மாதம்தான் பாக்கி. இது போனால் இன்னொன்று கிடையாது என்று அவளுக்கு நன்றாகத் தெரியும்.

அடுத்த முதல் ஞாயிறு, நோட்டில் பத்தொன்பதாவதாக இருந்த தனியார் பல்கலைக்கழகத்தின் பக்கத்தைத் திறந்தாள். போன மாதம் ஒன்பது படங்கள், இப்போது பன்னிரண்டு. பரவாயில்லையே, ஆள் எடுக்கிறார்களே என்று விரலால் தள்ளிக்கொண்டே போனாள். பன்னிரண்டாவது படம் அவளுடையது. நீலச் சேலையில், ஸ்டூடியோக்காரர் சிரிக்கச் சொன்னபோது பாதி சிரித்த அதே முகம். உதவிப் பேராசிரியராம். சேர்ந்து இரண்டு வருஷம் ஆகிறதாம்.

இரண்டு வருஷத்துக்கு முன் அங்கே நேர்காணலுக்குப் போயிருந்தாள். வேலை உறுதி என்று சொல்லிச் சான்றிதழ் நகல், படம், பான் கார்டு நகல், நாலைந்து இடத்தில் கையெழுத்து எல்லாம் வாங்கிக்கொண்டார்கள். அப்புறம் கூப்பிடவே இல்லை. எதற்குக் கூப்பிட வேண்டும்? காகிதம் போதுமென்றால் ஆள் தண்டம்தானே.

பக்கத்திலிருந்து எட்டிப் பார்த்த சோலையம்மாளுக்குப் படம் மட்டும் புரிந்தது.

“வேலை கெடச்சிருச்சாத்தா? எங்கிட்டக்கூடச் சொல்லலியே.”

“இல்லம்மா. இது பொய்யி.”

“படம் போட்டிருக்காகல்ல. பெறகென்ன பொய்யி?”

மறுவாரம் அரசுப் பல்கலைக்கழகத்திலிருந்து நேர்காணலுக்குக் கடிதம் வந்தது. கடைசியில் ஒரு வரி: தற்போது பணிபுரியும் நிறுவனத்திடமிருந்து தடையில்லாச் சான்று கொண்டுவரவும். இணையத்தில் அவள் படத்தைப் பார்த்து, நிறுவனம் என்று அந்தத் தனியார் பல்கலைக்கழகத்தின் பெயரையும் அவர்களே போட்டிருந்தார்கள். தங்கமாரி போன் செய்து, அங்கே நான் வேலையே பார்க்கவில்லை என்றாள். அப்படியானால் அதை அவர்களிடமே எழுதி வாங்கி வாருங்கள் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்கள்.

அருப்புக்கோட்டையில் பஸ் மாறி, பாலவனத்தம் வழியாக விருதுநகர் போய், அங்கிருந்து இன்னும் ஆறு மணி நேரம் உட்கார்ந்தே போனாள். அந்தத் தனியார் பல்கலைக்கழகத்தின் நிர்வாக அலுவலர் ஆண்டிச்சாமி, ஊரைக் கேட்டதும் முகமெல்லாம் பல்லானார்.

“நமக்குத் திருச்சுழிதாம்மா. நம்ம பக்கத்துப் பிள்ளைன்னு தெரியாமப் போச்சே.”

“தெரிஞ்சிருந்தா படத்தப் போட்டிருக்க மாட்டீகளா சார்?”

அவர் அதைக் காதில் வாங்கவில்லை. “வேலை பாக்கலன்னு எழுதித் தந்தா, வியாழக்கெழம ஆள் எண்ண வார இன்ஸ்பெக்சன்ல எங்க கதி என்னாகுறது? வேலை பாத்தாக, விலகிட்டாகன்னு வேணா தாரேன். நீங்க அன்னைக்கி ஒரு நா வந்து உக்காந்துட்டுப் போங்க. ரெண்டு வருசத்து வருகைப் பதிவேட்டுலயும் கையெழுத்தப் போட்டுருங்க.”

சேராத வேலையை விடுவதற்கு முதலில் அதில் சேர வேண்டுமாம். அந்த ஆளின் முகத்துக்கு நேரே நாலு வார்த்தை கேட்டுவிட்டு எழுந்து வந்துவிடத்தான் தங்கமாரி நினைத்தாள். ஏழு மாதம் நினைவுக்கு வந்தது. சரி என்றாள். தன் வாய் அதைச் சொன்னதே அவளுக்கு அசிங்கமாக இருந்தது.

வியாழக்கிழமை பன்னிரண்டாவது நாற்காலியில் உட்கார்ந்து கை ஓயும் வரை கையெழுத்துப் போட்டாள். பதிவேட்டின்படி, சோலையம்மாளுக்குக் கண் ஆபரேஷன் நடந்த நாளில்கூட அவள் அங்கே வேலைக்கு வந்திருந்தாள். ஆய்வுக்கு வந்த அதிகாரி, துறை எப்படி இருக்கிறது என்று விசாரித்தார்.

“முப்பது துறைகள ஒப்பிட்டுப் பாத்திருக்கேன் சார். இது மாதிரி ஒண்ணப் பாத்ததில்ல.”

அன்று முழுக்க அவள் சொன்ன ஒரே உண்மை அதுதான். அதிகாரி மகிழ்ந்துபோய்க் குறித்துக்கொண்டார். சாயங்காலம் ஆண்டிச்சாமி சான்றைக் கொடுத்து, ஊர்ப் பாசத்தில் காப்பியும் வாங்கிக் கொடுத்தார்.

அரசுப் பல்கலைக்கழக நேர்காணலில் பாடத்தைப் பற்றி முக்கால் மணி நேரம் கேட்டார்கள். ஒன்றுக்கும் அவள் தடுமாறவில்லை. குழுவில் இருவர் ஒருவரையொருவர் பார்த்துத் தலையாட்டிக்கொண்டார்கள். வெண்ணெய் திரண்டு வருகிற நேரத்தில் குழுத் தலைவர் இரண்டு காகிதங்களை எடுத்து மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

“அருப்புக்கோட்டையில ஆறு வருஷம்னு இது சொல்லுது. அதுல கடைசி ரெண்டு வருஷம் முழுநேரமா வேற ஊர்ல இருந்ததா இது சொல்லுது. எதும்மா உண்மை?”

“அருப்புக்கோட்டைதான் சார் உண்மை.”

“அப்ப இந்தச் சான்று?”

“பொய்யி சார். நீங்க கேட்டதாலதான் வாங்கிட்டு வந்தேன்.”

தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். கோபப்படக்கூட இல்லை. “நாங்க சான்று கேட்டோம். பொய்ச் சான்று கேக்கல. அதக் கொண்டுவந்தவங்கள எப்படிம்மா எடுக்குறது?”

தங்கமாரிக்குத் தன்மேலேயே வெறுப்பு வந்தது. இரண்டு காகிதங்களையும் வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தாள். அரசுப் பல்கலைக்கழகத்தின் பக்கத்தில் மறுமாதமே புதுப் படம் ஒன்று ஏறியது, வேறு யாருடையதோ.

அந்த முதல் ஞாயிறும் அவள் நோட்டை எடுத்தாள். பழக்கதோஷம். பத்தொன்பதாவது பக்கத்தைத் திறந்தபோது பன்னிரண்டு படங்களும் அப்படியே இருந்தன. விலகிவிட்டதாகச் சான்று தந்தவர்கள் படத்தை எடுக்க மறந்திருப்பார்கள் என்று நினைத்தாள். மறக்கவில்லை. பெயருக்குக் கீழே இப்போது இணைப் பேராசிரியர் என்று இருந்தது.

“இன்னும் போட்டுத்தான வச்சிருக்காக,” என்றாள் சோலையம்மாள், சந்தோஷத்தை அடக்க மாட்டாமல்.

“ஆமாம்மா,” என்று சொல்லிவிட்டு, ‘போனவர்கள்’ கட்டத்தில் தங்கமாரி சுழி போட்டாள்.