நூற்று எண்பத்தெட்டுக்கு ஒன்று குறைவு

மேனேஜர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார். மேனேஜராக இருப்பதிலிருந்து இன்னும் ஓய்வு பெறவில்லை. வீட்டில் குழாய் சொட்டினாலும் எல்லாரையும் கூட்டி வைத்துத்தான் வருத்தப்படுவார். ஆகவே, இன்ஜினியரான மகள் அவருடைய பழைய காருக்கு டர்போ வைத்து, புகைக்குழாயை மாற்றி, இன்ஜினுக்குப் போகும் பெட்ரோல் அளவுகளைக் கம்ப்யூட்டரில் புதிதாக எழுதி முடித்தபோது, அவர் ஊரெல்லாம் சொன்னது இதுதான்: "நாங்க ஒரு வண்டி ரெடி பண்ணிட்டிருக்கோம்." அதில் அவர் பங்கு டார்ச் பிடித்தது. அதையும் பாதி நேரம் மகளின் கண்ணில்தான் அடித்தார்.

பிரச்சினை வண்டியல்ல, சம்பந்திதான். சம்பந்தியிடமும் இப்படி மாற்றியமைத்த கார் ஒன்று இருந்தது. அதன் இன்ஜின் சக்தி "இருநூறு குதிரை" என்பதை அவர் வணக்கம் சொல்வதுபோல் எல்லாரிடமும் சொல்லிவந்தார். இருநூற்றொன்று வந்தால் போதும், மேனேஜருக்கு ஜென்மம் கடைத்தேறிவிடும்.

இன்ஜின் சக்தியை அளக்கும் டைனோ மெஷினில் காரை ஏற்றும் நாளன்று காலையில், "நூத்தி எண்பத்தெட்டு வரும்ப்பா" என்றாள் மகள்.

"கொஞ்சம் தாராளமா சொல்லேம்மா."

"காய்கறியா வாங்குறோம், கொசுறு கேக்க?"

டைனோ அறையில் காரின் முன்சக்கரங்களைத் தரையிலிருந்த இரும்பு உருளைகளின் மேல் நிறுத்தி, நாலு பக்கமும் பட்டைகளால் இழுத்துக் கட்டினார்கள். சக்கரம் பறக்கும், கார் நகராது. திறந்த பானெட்டுக்கு எதிரே ஆளுயர மின்விசிறி. பக்கத்தில் ஒரு ஸ்டாண்டிலிருந்து வெப்பமானியின் வயர் தொங்கியது. அது எதற்கென்று மகள் போன தடவையே சொல்லியிருந்தாள். சூடான காற்றில் இன்ஜின் கொஞ்சம் சோர்ந்துபோகும். அந்த நஷ்டத்தை ஈடுகட்டி, கம்ப்யூட்டர் நாலு குதிரை கூட்டிக் காட்டும். அறையில் எவ்வளவு சூடு என்று அதற்குச் சொல்வது இந்த வெப்பமானி. மேனேஜர் அன்று கண்ணை மூடித் தலையாட்டினார். தூங்குகிறார் என்று நினைத்தாள்.

இன்று அவர் பானெட் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார். பிறகு அவரும், வேடிக்கை பார்க்கத் தன் காரில் வந்திருந்த சம்பந்தியும் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் போய் நின்றார்கள். மகள் ஓட்டினாள். அறையே கிடுகிடுத்தது. திரையில் வளைவு ஏறி ஏறி நின்ற இடம்: இருநூற்று மூன்று.

"சம்பந்தி! படிச்சுப் பாருங்க, கண்ணாடி வேணும்னா என்னுதத் தரேன்!"

சம்பந்தியின் முகம் காற்றுப் போன டியூப் ஆனது. மேனேஜர் டைனோக்காரரின் கையைக் குலுக்கினார். குலுக்க வேறு கை கிடைக்காததால் அதையே மறுபடியும் குலுக்கினார்.

மகள் இறங்கிவந்து திரையைப் பார்த்தாள். சிரிக்கவில்லை.

"இது எப்படி வரும்? நான் கொடுத்த பெட்ரோலுக்கு இவ்வளவு வரக்கூடாதே." கட்டைவிரல் நகத்தைக் கடித்தாள். "எங்கயோ தப்பா கணக்குப் போட்டுட்டேன் போல. மறுபடியும் பிரிக்கணும்."

மேனேஜர் வெற்றிக் களிப்பில் காரைத் தட்டிக்கொடுக்கப் போனார். போன கை அந்தரத்தில் நின்றது. ரேடியேட்டருக்குப் பின்னால், அனல் வீசும் இடத்தில், வெப்பமானி ஒளிந்திருந்தது. போட்டோவில் அசிங்கமாகத் தெரிகிறதென்று அவர்தான் வயரை இழுத்து உள்ளே சொருகியிருந்தார். அறை கொதிக்கிறது என்று நம்பிய கம்ப்யூட்டர், பரிதாபப்பட்டுக் குதிரைகளை அள்ளி வழங்கியிருக்கிறது.

வாயைத் திறக்காவிட்டால் இருநூற்று மூன்று அவருக்கே. சம்பந்தியின் அந்த முகம் இன்னும் பத்து வருஷத்துக்குத் தாங்கும். ஆனால் தன் கணக்கு தப்பு என்று மகள் சொல்லி அவர் கேட்டதே இல்லை. பள்ளிக்கூடத்தில் வாத்தியாரின் விடையைத் திருத்தியவள் அவள்.

"கணக்கு சரிதாம்மா" என்றார். "தப்பு அப்பாதான்." வயரை உருவிக் காட்டினார்.

சம்பந்தி சிரித்த சிரிப்பில் கண்ணாடித் தடுப்பு அதிர்ந்தது. டைனோக்காரர் வெப்பமானியைப் பழைய இடத்தில் மாட்டினார். மறுபடி ஓட்டினார்கள். நூற்று எண்பத்தேழு.

"அப்போ நம்ம இருநூறுதான் ஒசத்தி" என்றார் சம்பந்தி.

"உங்க வண்டிய எங்க மாமா அளந்தாங்க?"

"தெரிஞ்ச கடையிலம்மா."

"அங்க சக்கரத்துல வந்ததோட, கியர்பாக்ஸ் முழுங்கினதுன்னு குத்துமதிப்பா ஒண்ணு கூட்டிப் போடுவாங்க மாமா. இங்க சக்கரத்துல வந்தது மட்டும்தான். உங்களுதும் வெளியதான நிக்குது, ஏத்திடலாமா?"

"டயர்ல காத்து கம்மியா இருக்கும்மா."

"காத்து இங்கயே இருக்கு சார்" என்றார் டைனோக்காரர்.

"எனக்கு முட்டி வேற வலிக்குது."

"நான் ஓட்டறேன் மாமா."

சம்பந்திக்கு அவசரமாக ஒரு போன் வந்தது. மணி அடித்த சத்தம் வேறு யாருக்கும் கேட்கவில்லை.

இந்தக் கண்கொள்ளாக் காட்சியை மேனேஜர் கவனிக்கவே இல்லை. திரையைவிட்டு அவர் கண் நகரவில்லை.

"காலைல என்ன சொன்ன?"

"நூத்தி எண்பத்தெட்டு. ஒண்ணு ரெண்டு முன்னபின்ன வரும்ப்பா, அதெல்லாம் கணக்கே இல்ல."

"ஒண்ணே ஒண்ணு!" என்றார். மூக்கைத் துடைத்துக்கொண்டு, அறையில் புகை அதிகம் என்று டைனோக்காரரைக் கண்டித்தார்.

இப்போது அந்தப் போட்டோ அவர் வீட்டுக் கூடத்தில் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறது. வருகிறவர்கள் உட்காரும் முன்பே தொடங்கிவிடுவார்: "வண்டிய ஏத்தறதுக்கு முன்னாடியே நம்பர சொல்லிட்டா என் பொண்ணு. இருநூத்தி மூணு வந்தப்பக்கூட, வேணாம், இது என்னுது இல்லைன்னுட்டா." பிறகு போட்டோவில் ரேடியேட்டர் பக்கம் விரலை வைப்பார். "இங்கதான் அந்த வயர் இருக்கு."

"ஒண்ணும் தெரியலையே சார்?"

"எப்படித் தெரியும்?" என்பார் மேனேஜர், நெஞ்சை நிமிர்த்தி. "அவ்வளவு நேர்த்தியா சொருகினது யாரு?"