கோலமாவில் ஒரு கிணறு

தாம்பரம் கிழக்கில், சைக்கிள் ஸ்டாண்டுக்கு எதிரே, நாடகக் குழுவுக்காக ஒரு வேன் நின்றுகொண்டிருந்தது. வெள்ளை மெட்டடார். பக்கவாட்டில் 'பூமிக்குக் காய்ச்சல்' என்று நாடகத்தின் பெயரை எழுதிய துணி கட்டியிருந்தது. மேலே இரண்டு புனல் ஸ்பீக்கர், பின்னால் ஒரு ஜெனரேட்டர். அமலராணி சைக்கிளை விட்டு இறங்கி, அது வேறு யாருக்கோ வந்த வண்டி என்பதுபோலத் தள்ளியே நின்றாள். வைகாசி வெயிலில் வேனின் தகரம் கண்ணைக் கூசவைத்தது. சுந்தர்சிங் முன் கதவில் சாய்ந்தபடி வேர்க்கடலையைத் தோலுரித்துத் தின்றுகொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் புதுச்சட்டை போட்ட பிள்ளையைப்போலச் சிரித்தான்.

"சைக்கிள ஸ்டாண்டுல போட்டுட்டு வா ராணி. இனிமே மிதிக்க வேணாம்."

பறை அடிக்கும் சிட்டிபாபு ஏற்கெனவே உள்ளே உட்கார்ந்திருந்தான். "பூமாதேவிக்கு ஒடம்பு சரியில்லக்கா. அதான் வண்டி வெச்சி கூட்டினு போறோம்" என்றான். நாடகத்தில் காய்ச்சல்கார பூமி அவள்தான். வேறொரு நாளாக இருந்தால் சிரித்திருப்பாள்.

சைக்கிளில்தான் போக வேண்டும் என்று விதி போட்டவனே சுந்தர்சிங். மூன்று பேரும் கல்லூரி வாசலில் தேநீர் குடித்துக்கொண்டு குழுவுக்கு என்ன பெயர் வைப்பது என்று பேசிய முதல் நாளே அதைச் சொல்லிவிட்டான். டீசலை எரித்துக்கொண்டு போய் பூமி சூடாகிறது என்று சொன்னால் எவன் கேட்பான் என்றான். அதனால் பறை சைக்கிள் கேரியரில் போனது. மைக் கிடையாது, விளக்கு கிடையாது. வெயில் தாழ்ந்ததும் ஆரம்பித்து, இருட்டும் முன் முடித்துவிடுவார்கள். குடம், முறம், துடைப்பம், நோயாளிக்குப் போர்த்த ஒரு பழம்புடவை, எல்லாம் அந்தந்த ஊர் வீடுகளில் கேட்டு வாங்கி, கழுவித் திருப்பிக் கொடுப்பதுதான். சேலையூர் நர்சரிப் பள்ளியில் வாரம் முழுக்க ஆனா ஆவன்னா சொல்லிக் கொடுத்துக் களைத்துப்போகிற அமலராணிக்கு, ஞாயிற்றுக்கிழமை மண்பாதையில் மூன்று சைக்கிள்களும் வரிசையாகப் போவது தான் படிக்கும் மொழிபெயர்ப்பு நாவல்களிலிருந்து யாரோ தனக்கென்று கிழித்துக்கொடுத்த பக்கம்போல இருந்தது. அந்தப் பக்கங்களில் பனி பெய்யும். இங்கே புழுதி. மற்றபடி வித்தியாசம் ஒன்றும் இல்லை என்று நினைத்துக்கொள்வாள்.

இப்போது அவள் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். வண்டியை ஓட்டியவர் துளசிங்கம். வண்டிக்குச் சொந்தக்காரரும் அவர்தான். மேடவாக்கம் பக்கம் பரம்பரையாக நிலம் வைத்திருந்தவர், இப்போது தண்ணீர் லாரி விடுகிறவர். நம் நாடகத்தின் மேல் அவருக்கு ரொம்பப் பிரியம், ஞாயிற்றுக்கிழமைகளில் வண்டியைச் சும்மாவே தருகிறார் என்று சுந்தர்சிங் அறிமுகப்படுத்தினான். ராஜகீழ்ப்பாக்கம் கூட்டு ரோட்டைத் தாண்டும்போது வேனின் அதிர்வில் பறை தானாகவே மெல்ல முனகியது. சிட்டிபாபு அதன் மேல் கையை வைத்து அடக்கினான்.

போய்க்கொண்டிருந்தது தாழம்பேட்டுக்கு. போன வருடம், தொண்ணூற்றிரண்டில், அவர்கள் நாடகம் போட்டதிலேயே நன்றாக அமைந்த ஊர் அது. மற்ற ஊர்களில் எல்லாம், புகையால் வானம் போர்வைபோல மூடிக்கொள்கிறது, மழை தடம் மாறப்போகிறது என்று சொன்னால், கேட்பவர்கள் மரியாதையாகத் தலையாட்டிவிட்டுக் கலைந்துபோவார்கள். கடைசியில் சுந்தர்சிங்தான் ஒரு யோசனை செய்தான். நாம் சொல்ல வேண்டாம், அவர்களைச் சொல்ல வைப்போம். நாடகம் முடிந்ததும் கூட்டத்தின் நடுவே தரையைப் பெருக்கி, கோலமாவால் ஊரின் ஏரியை வரைவார்கள். பிறகு மாவுக் கிண்ணம் கைமாறும். கால்வாய் எங்கே ஓடியது, எங்கே தூர்ந்தது என்று ஊர்க்காரர்களே இழுப்பார்கள். வற்றிய கிணற்றுக்குச் செங்கல்பொடியில் சிவப்புப் புள்ளி. கோடையிலும் நல்ல தண்ணீர் நிற்கும் கிணற்றுக்கு மாவில் வெள்ளைப் புள்ளி. தரையில் சிவப்பு கூடக்கூட, ஜனங்களுக்குப் பேச்சு வந்துவிடும். ஐப்பசியில் பெய்த மழை இப்போது கார்த்திகைக் கடைசிக்குப் போய்விட்டது என்பார் ஒருவர். அந்த மழையும் நாலு நாள் மழையை ஒரே ராத்திரியில் கொட்டிவிட்டுப் போகிறது என்பார் இன்னொருவர். அதற்குப் பிறகு போர்வைக் கதை யாருக்கும் கதையாகத் தெரியாது.

தாழம்பேட்டில் வரைந்த படத்தில், ஓடைக்குக் கிழக்கே இருந்த நிலம் மட்டும் புள்ளி எதுவும் இல்லாமல் வெறுமையாக இருந்தது. அதற்கு உரியவள் பச்சையம்மா. கீரை பயிரிட்டு, கட்டுக் கட்டாகத் தாம்பரம் மார்க்கெட்டுக்குக் கொண்டுவருகிறவள். கிண்ணத்தை வாங்காமல் ஒதுங்கி நின்றாள். அந்த ஊரில் சித்திரையிலும் வற்றாத கிணற்றை வாய்விட்டுச் சொல்ல மாட்டார்களாம், கண் பட்டுவிடும் என்று. யாராவது கேட்டால், ஏதோ நனையுது என்று மட்டும் சொல்வார்களாம். அமலராணிக்குச் சிரிப்பு வந்தது. இன்னும் பூமியின் பழம்புடவையைப் போர்த்தியிருந்தவள், பச்சையம்மாவின் கையைப் பிடித்து விரித்து, அதில் மாவை அள்ளி வைத்தாள். "போடுக்கா. நாங்கெல்லாம் யாரு, உங்க வீட்டுப் பிள்ளைங்கதானே" என்றாள். பச்சையம்மா வெட்கத்தோடு குனிந்து, தெய்வத்துக்குப் பொட்டு வைக்கிறவள்போல, ஒரு வெள்ளைப் புள்ளி வைத்தாள். அந்தப் பக்கத்தில் அது ஒன்றுதான் வெள்ளை. எல்லாரும் கைதட்டினார்கள்.

எதிரே தண்ணீர் லாரி ஒன்று வந்தது. துளசிங்கம் ஹாரன் அடித்தார், லாரிக்காரன் கையைத் தூக்கினான். பின்னாலேயே இன்னொன்று. அதற்கும் ஹாரன்.

"ரெண்டும் நம்ம வண்டிதாம்மா" என்றார் அவர், கண்ணாடியில் அவளைப் பார்த்து. "போன வருசம் நீங்க மாவுல ஒரு படம் போட்டீங்களாமே. அதான் நம்மள கரையேத்திச்சி. நானும் ரெண்டு எடத்துல போர் போட்டேன், வெறும் உப்பு. பேஜாராயிட்ச்சி. அப்பறம் சார்தான் சொன்னாரு. ஓடைக்கிக் கெழக்கால பச்சையம்மா கெணறு கீது, அத்த ஒட்டினாப்ல கீற நெலத்த கேட்டுப் பாருங்கன்னு. வாங்கிப் போட்டேன். சும்மா பன்னீர் மாதிரி தண்ணி."

அமலராணி சுந்தர்சிங்கைப் பார்த்தாள். அவள் படித்த கதைகளில், காட்டிக்கொடுப்பவனின் முகம் அந்த நேரத்தில் வெளிறிப்போகும். அவன் கண்ணைத் தாழ்த்துவான், மெழுகுவர்த்தியை அணைப்பான், எதையாவது கீழே போடுவான். சுந்தர்சிங் கடலைத் தோலை ஜன்னலுக்கு வெளியே ஊதிக்கொண்டிருந்தான். சட்டைப் பையிலிருந்து ஒரு கைப்பிடி எடுத்து அவளுக்கும் நீட்டினான். அவனுடைய ஞாபகசக்தியை அவள் எத்தனையோ பேரிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறாள். ஒருமுறை கேட்ட வசனம் மறக்காது. ஒருமுறை பார்த்த தரையும் மறக்கவில்லை.

"அவர்கிட்ட சொன்னியா?" என்று கேட்டாள்.

"அது என்ன ரகசியமா ராணி? ஊரே பாக்கத்தானே போட்டோம். வேளச்சேரில போய்ப் பாரு, குடத்தோட அடிச்சுக்கறாங்க. அவங்களும் ஜனங்கதான். சைக்கிள்லயே போனா நாம கிழவனாகறதுக்குள்ள எத்தனை ஊர் பாப்போம்? இந்த வேன் இருந்தா ஜில்லா முழுக்கப் போலாம். கொஞ்சம் பெருசா யோசி."

அவன் சொன்னதில் ஒவ்வொரு வாக்கியமும் சரியாகத்தான் இருந்தது. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது. சிட்டிபாபு பறையிலிருந்து கையை எடுத்துவிட்டான்.

"இன்னாண்ணா இது" என்றான் மெதுவாக.

தாழம்பேட்டில் வேன் நின்றதும் ஸ்பீக்கர் சத்தத்துக்குச் சிறுபிள்ளைகள் மட்டும் ஓடிவந்தார்கள். ஜெனரேட்டர் புகைவிட்டு உறுமியது. வெயில் இன்னும் இருக்கும்போதே துளசிங்கத்தின் ஆள் இரண்டு விளக்குகளைப் போட்டான். குடம் கேட்டு எந்த வீட்டுக்கும் போக வேண்டியிருக்கவில்லை. வேனுக்குள் புதுப் பிளாஸ்டிக் குடங்கள் இருந்தன. அமலராணி யாரிடமும் சொல்லாமல் ஓடையைத் தாண்டிக் கிழக்கே நடந்தாள்.

பாத்திகள் வெடித்துக் கிடந்தன. வரப்பு ஓரத்தில் மட்டும் தண்டுக்கீரை கொஞ்சம், தலை கவிழ்ந்து நின்றது. அடுத்த நிலத்தில் தகரக் கொட்டகைக்குள் மோட்டார் ஓடும் சத்தம். ஒரு லாரி அதை ஒட்டி நின்று நிரம்பிக்கொண்டிருந்தது. பச்சையம்மா வற்றிப்போன கிணற்றின் மேட்டில் உட்கார்ந்து, பழைய கயிற்றின் பிரியைத் திரித்துக்கொண்டிருந்தாள். அவளைப் பார்த்ததும் நகர்ந்து இடம் கொடுத்தாள். வா என்று சொல்லவில்லை.

அமலராணி நின்றுகொண்டே பேசினாள். லாரிக்காரருக்கு இடத்தைக் காட்டியது தங்கள் குழுவில் இருக்கும் சுந்தர்சிங்தான், அது தனக்கே இப்போது வழியில்தான் தெரிந்தது, தெரிந்திருந்தால் விட்டிருக்க மாட்டேன் என்றெல்லாம் சொன்னாள். சொல்லச் சொல்ல, தன் குரல் மேடையில் பேசுவதுபோல ஒலிப்பது அவளுக்கே கேட்டது. நிறுத்திவிட்டாள்.

பச்சையம்மா திரித்த கயிற்றை இழுத்துப் பார்த்தாள்.

"அந்த ஆளு எனக்கு யாரும்மா? அவுரு மூஞ்சி கூட எனக்கு ஞாபகம் இல்ல. நான் எங்க அவுருக்குப் போட்டேன்? நீ கையப் புடிச்சியேன்னு போட்டேன்."

கோபமாகச் சொல்லவில்லை. கேட்டதற்கு விவரம் சொல்கிறவள்போலச் சொன்னாள். பிறகு கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து, கொட்டகைச் சத்தத்துக்கு முதுகைக் காட்டியபடி வீட்டைப் பார்த்து நடந்தாள்.

ஓடைக்கு அந்தப் பக்கம் பறை தொடங்கியது. சிட்டிபாபுவின் அடி வழக்கம்போல இல்லை, இடறி இடறி வந்தது. அதற்கு மேலே சுந்தர்சிங்கின் குரல். நாடகத்தில் டாக்டர் அவன். மைக்கில் அந்தக் குரல் அவனைவிடப் பெரிதாக, யாருடையதோபோல இருந்தது. "அடுத்த பேஷண்ட்" என்றது. பூமி முனகிக்கொண்டே உள்ளே நுழைய வேண்டிய இடம். பிள்ளைகள் சிரிக்கும் சத்தம் கேட்டது. "அடுத்த பேஷண்ட் யாரு, வாங்க" என்று மறுபடியும் கூப்பிட்டது. அவளுக்குக் கால் நகரவில்லை. பிறகு நகர்ந்தது, சாலையைப் பார்த்து.

மேடவாக்கம் போகும் மண்பாதையில் அவள் தனியாக நடந்தாள். மூன்றாவது முறையும் குரல் கூப்பிட்டது. அதற்குள் தூரமாகிவிட்டதால் சொற்கள் பிரிந்து கேட்கவில்லை. பின்னால் லாரி வந்தது. பாதையை விட்டு இறங்கி முள்வேலி ஓரமாக நின்றாள். அது நிறைந்த வயிற்றோடு ஆடி ஆடிக் கடந்து போனது. அடி வால்வு சரியாக மூடவில்லைபோல. லாரி போன பிறகு புழுதியின் நடுவே ஒரு மெல்லிய ஈரக்கோடு நீண்டு கிடந்தது. வேலிக்குள்ளிருந்து ஒரு ஆட்டுக்குட்டி இறங்கி வந்து அதை முகர்ந்து, நக்கிப் பார்த்தது. கோட்டின் பின்முனை வெயிலில் காய்ந்துகொண்டே வர, குட்டி அதற்கு முன்னால் நக்கியபடி, லாரி போன திசையிலேயே தலையைத் தூக்காமல் போய்க்கொண்டிருந்தது.